பதினான்கு வருடங்கள் இறங்காத பந்து

ஃபின்லாந்தின் கிழக்கே ஏரிகளுக்கு நடுவில் கிடக்கும் எங்கள் குய்வாலா ஊரில், மார்ச் மாதத்து ஒரு வியாழக்கிழமை மாலை ஏழே முக்கால் மணிக்கு, யார்க்கோ ரூஸ்கனென் எறிந்த பந்து கூடை வளையத்துக்கு இரண்டு சாண் முன்னாலும் நான்கு சாண் மேலாகவும் காற்றில் நின்றுவிட்டது. கீழே விழவில்லை, மேலேயும் போகவில்லை, நின்றது. அவன் விரல்கள் கொடுத்த சுழற்சி மட்டும் அதில் மிச்சம் இருந்து, தூக்கம் வராதவர் படுக்கையில் புரள்வதைப்போல அது நின்ற இடத்திலேயே மெல்லப் புரண்டுகொண்டிருந்தது.

அது அந்த வருடத்தின் கடைசி ஆட்டம். எங்களுக்கு அறுபத்தொன்பது புள்ளி, ஏரிக்கு அக்கரையில் இருக்கும் ரந்தசாரிக்கு எழுபது. தோற்கும் ஊர் முதல் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். பந்து நின்றபோது சுவர்க் கடிகாரமும் நின்றது, ஒன்று புள்ளி நான்கு விநாடி மீதம் இருந்தது. நடுவர் ஊதலை வாயில் வைத்தபடி இருபது நிமிடம் காத்திருந்தார். பிறகு அதை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "ஆட்டம் இன்னும் முடியல, நாளைக்கு வந்து பார்ப்போம்" என்றார். அரங்கைப் பார்த்துக்கொள்ளும் ஹெல்வி, ஐம்பது வயதுக்காரி, கையில் சாவிக்கொத்தோடு, "முடிஞ்சாலும் முடியாட்டாலும் ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்திடுவேன்" என்றாள். நாங்கள் கோட்டு மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

மறுநாளும் அது அங்கேதான் இருந்தது. அதற்கடுத்த வாரம் தலைநகரிலிருந்து கூடைப்பந்துச் சங்கத்தின் ஆள் ஒருவர் ஏணியோடு வந்து, பந்தைத் தொடாமல் நான்கு பக்கமும் அளந்து, குறித்துக்கொண்டு, ஹெல்வி கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார். பிறகு கடிதம் வந்தது. ஆட்டம் நடந்துகொண்டிருப்பதாகக் கருதப்படும். முடிவு தெரியாததால் இரண்டு ஊரும் முதல் பிரிவிலேயே இருக்கலாம். பந்தை யாரும் தொடவோ ஊதவோ அசைக்கவோ கூடாது. அது தானாக நகரும்போது, அன்றைக்குக் களத்தில் நின்ற பத்துப் பேரில் எவர் ஆடுகளக் கோட்டுக்குள் இருக்கிறாரோ அவர் ஆடலாம். கடிதத்தை ஹெல்வி கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

அதற்குப் பிறகு நாங்கள் அதோடு வாழப் பழகினோம், பாதி ஆடுகளத்தை விட்டுக்கொடுத்துவிட்டு மறுபாதியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பேட்மின்டன் ஆடினார்கள், தேர்தலுக்கு வாக்குப்பெட்டி வைத்தார்கள், கல்யாண விருந்து நடத்தினார்கள், புகைப்படத்தில் மணமக்களின் தலைக்கு மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பந்து தெரிந்ததை யாரும் குறையாகச் சொல்லவில்லை. வெளியூர்ப் பிள்ளைகள்தான் பந்து ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். எங்கள் பிள்ளைகள் மற்ற ஊர் அரங்குகளுக்குப் போகும்போது அங்கே ஏன் இல்லை என்று கேட்டார்கள். எங்கள் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார் கரும்பலகை நிறையக் கணக்குப் போட்டு அது கூடைக்குள் விழும் என்று நிரூபித்தார், ரந்தசாரியின் கணக்கு வாத்தியார் அதே கணக்கைப் போட்டு விழாது என்று நிரூபித்தார், இருவரும் ஒரு கோடை முழுக்க மாறி மாறிப் பதில் எழுதி இரண்டு ஊர்ச் செய்தித்தாள்களையும் நிரப்பினார்கள்.

யார்க்கோ எதையும் நிரூபிக்கவில்லை. அப்போது அவனுக்கு இருபத்துமூன்று வயது. பனி வாரும் வண்டி ஓட்டுபவரின் மகன், கதவுகளுக்குக் குனிந்து போகிற உயரம், பேச்சு குறைவு. யார் கேட்டாலும் ஒரே சொல்தான் சொல்வான்.

"விழும்."

வளையத்துக்குள் விழும் என்பதுதான் அதன் பொருள். ரொட்டிக் கடையில் கேட்டாலும், பல் மருத்துவர் அவன் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாலும், அவன் அதைச் சொன்ன விதத்தில் நாளைக்குச் செவ்வாய்க்கிழமை என்று சொல்வதற்கு மேல் அழுத்தமும் இல்லை, குறைவும் இல்லை. அதனால் நாங்களும் நம்பினோம். நம்பிக்கொண்டே கூரைக்கு வண்ணம் அடித்தோம், படகுகளைத் தார் பூசிக் கவிழ்த்து வைத்தோம், பிள்ளை பெற்றோம்.

அந்த இலையுதிர் காலத்தில் ஜெர்மனியின் ஒரு சிறிய ஊர்க் குழு அவனை எடுத்துக்கொண்டது. அங்கே இரண்டு வருடம், பெரும்பாலும் உட்கார்ந்திருந்தான். பிறகு செக் நாட்டில் மூன்று வருடம், அங்கே கோப்பை வென்றான். பிறகு ஸ்பெயின், கிரீஸ், மறுபடியும் ஸ்பெயின், நடுவில் தேசிய அணி. எல்லா ஆட்டங்களையும் நாங்கள் அரங்கின் சிற்றுண்டிக் கூடத்துத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அவன் மிகப்பெரிய ஆட்டக்காரன் இல்லை. அவனைவிட வேகமானவர்கள் இருந்தார்கள், அவனைவிடத் துல்லியமாக எறிபவர்கள் ஒவ்வொரு குழுவிலும் இரண்டு பேர் இருந்தார்கள். ஆனால் கடைசி நிமிடத்தில் பயிற்சியாளர்கள் அவனைத்தான் உள்ளே அனுப்பினார்கள், ஏனென்றால் தவறிய பந்து அவனை ஒன்றும் செய்யவில்லை. ஐந்து முறை தவறவிட்டவன் ஆறாவது முறை எறியும்போது முதல் முறை எறிபவனைப்போல எறிந்தான். ஏதோ ஓர் ஊரில் ஒரு பந்து இன்னும் தனக்காகக் காற்றில் நிற்கிறது என்று தெரிந்தவனுக்கு மற்ற பந்துகளைப்பற்றி எப்படிப் பயம் வரும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

வியாழக்கிழமைதோறும் அவன் ஹெல்விக்குத் தொலைபேசியில் கூப்பிடுவான்.

"இருக்கா?"

"இருக்கு."

"சரி."

பதினான்கு வருடத்தில் இதற்கு மேல் அவர்கள் பேசியது, முழங்காலில் முதல் அறுவை சிகிச்சை நடந்த வாரம் மட்டும்தான். அன்றைக்கு ஹெல்வி, "வலிக்குதா?" என்று கேட்டாள். "வலிக்குது" என்றான். பிறகு இருவரும் வைத்துவிட்டார்கள்.

ரந்தசாரியில் இருந்தவர்களுக்கும் நம்பிக்கை இருந்தது, எங்களுடையதற்கு நேர் எதிரானது. பந்து இறங்கும் வேளையில் தங்கள் ஆள் ஒருவராவது கோட்டுக்குள் இருக்க வேண்டும் என்று அவர்கள் முறை போட்டுக்கொண்டு ஐந்து ஆட்டக்காரர்களையும் மாற்றி மாற்றி அனுப்பினார்கள். ஒருவன் கனடாவுக்குப் போனான், ஒருவன் பாதிரியார் ஆகி முதுகு வலியால் வராமல் நின்றுவிட்டான், ஒருவன் மீன்பிடிக்கப் போன இடத்தில் இறந்தான், ஒருவன் அலுத்துப்போய் வருவதை நிறுத்தினான். மிஞ்சியவன் சகாரி லெஹ்தோ. யார்க்கோ எறிந்தபோது அவனுக்கு எதிரே கையை உயர்த்தித் தடுத்தவன் அவன்தான். குழாய் வேலை செய்பவன். மூன்றாம் வருடம் எங்கள் ஊருக்கே குடிவந்தான், அரங்குக்கு எதிர்ச்சாரியில் வீடு எடுத்தான், எங்கள் வீட்டுக் குழாய்களையெல்லாம் சரிசெய்தான், வேலை இல்லாத நேரமெல்லாம் வளையத்துக்குக் கீழே ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி மெர்யா முதலில் பின்னல் ஊசியோடு துணைக்கு வந்தாள். பின்னிப் பின்னிச் சலித்துப்போய், மறுபாதியில் சிறுமிகளுக்குப் பேட்மின்டன் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். எங்கள் ஊர் தோற்க வேண்டும் என்று தினமும் வந்து உட்காருகிற ஒருவனுக்கு நாங்கள் கிறிஸ்துமஸுக்குப் பன்றித் தொடை கொடுத்தனுப்பினோம். அதில் எங்களுக்கு விசித்திரம் எதுவும் தெரியவில்லை.

பதினான்காம் வருடம் யார்க்கோ திரும்பி வந்தான். வயது முப்பத்தேழு. வலது முழங்காலில் இரண்டு தழும்பு. ஸ்பெயின் குழு அவனை வைத்துக்கொள்ளவில்லை, வேறு எவரும் கேட்கவில்லை, எங்கள் குழு ஒரு வருடத்துக்கு ஒப்பந்தம் எழுதிக்கொண்டது. பேருந்து நிலையத்தில் இருநூறு பேர் நின்றோம். அவன் இறங்கி, பெட்டியைக் கீழே வைத்து, எங்களைப் பார்த்து, "விழும்" என்றான். எங்களுக்கு அது போதும்.

ஆனால் அந்தக் குளிர்காலத்தில் அரங்கின் கூரை உத்தரங்கள் உளுத்துவிட்டதை நகரசபை கண்டுபிடித்தது. ஏரிக்கரையில் புதிய அரங்கு கட்டி முடியப்போகிறது, பழையதை ஜூன் முதல் தேதி இடித்துவிடுவார்கள். சங்கத்திடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. அதற்குள் பந்து இறங்காவிட்டால் புள்ளிப் பலகையில் இருக்கும் எண்ணிக்கையே முடிவு. அறுபத்தொன்பது, எழுபது. குய்வாலா இரண்டாம் பிரிவுக்குப் போகும்.

ஹெல்வி இந்தக் கடிதத்துக்குச் சட்டம் போடவில்லை.

பிப்ரவரியில் ஒரு மதியம், சிற்றுண்டிக் கூடத்தில் யார்க்கோ தனியாக உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தான். சகாரி வந்து எதிரே உட்கார்ந்தான். இத்தனை மாதத்தில் இருவரும் தலையசைத்துக்கொண்டதோடு சரி. கவுன்ட்டருக்குப் பின்னால் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்த ஹெல்வி கேட்டு, பிறகு எங்களுக்குச் சொன்னது இது.

"அன்னைக்கு என் விரல் பட்டுச்சு" என்றான் சகாரி.

யார்க்கோ கரண்டியை வைத்தான்.

"எந்த விரல்?"

"நடு விரல். நகம்தான் பட்டுச்சு. யாரும் பார்க்கல. ஆனா பட்டுச்சு. அது உள்ள போகாது, யார்க்கோ. வளையத்தோட முன்பக்கம் இடிச்சு வெளிய வரும்."

"பதினாலு வருஷமா உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் தினமும் வந்து உட்கார்ந்த? போகாதுன்னா வீட்டுல இருக்கலாமே."

"வெளிய வர்ற பந்தை யாராவது பிடிக்கணுமே. கடிகாரத்துல இன்னும் நேரம் இருக்கு."

யார்க்கோ சூப்புக் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளிவைத்தான். "இப்ப ஏன் சொல்ற?"

"இந்த ஊர்ல எல்லாரும் விழும் விழும்னு சொல்லிட்டு எனக்கு காபி ஊத்திக் கொடுக்கிறாங்க" என்றான் சகாரி. "வாங்கிக் குடிக்க முடியல."

யார்க்கோ எழுந்து, கோட்டு போடாமல், உறைந்த ஏரியின் மேல் நடக்க ஆரம்பித்தான். அக்கரையில் ரந்தசாரியின் புகைபோக்கிகள் தெரியும் தூரம்வரை போய்விட்டுத் திரும்பினான். அதன்பின் மூன்று நாள் அவன் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. ரொட்டிக் கடைக்காரி கேட்டாள், சில்லறையை வாங்கிக்கொண்டு போனான். அவன் அப்பா கேட்டார், தட்டைக் கழுவினான். ஊருக்குள் அது பரவியது. முதல் தடவையாக எங்களில் சிலர் அரங்குக்குப் போய்ப் பந்தை ஒரு புறமாகச் சாய்ந்து பார்த்தோம், அது கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டதோ என்று எங்களுக்குத் தோன்றியது, தோன்றியதை யாரும் வெளியே சொல்லவில்லை.

நான்காம் நாள் காலை ஏழு மணிக்கு, ஹெல்வி கதவைத் திறந்தபோது அவன் அரைக்கால் சட்டையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"ஒரு பந்து கொடுங்க, ஹெல்வி."

மறுபாதியில் இருந்த வளையத்துக்கு எதிரே நின்று, அதன் முன்விளிம்பில் படும்படியாக வேண்டுமென்றே எறிந்தான். பந்து இடித்து வெளியே வந்தது. அவன் தாவி அதை விரல் நுனியால் வளையத்துக்குள் தள்ளினான். மறுபடியும் எறிந்தான். முன்பெல்லாம் வளையத்துக்கு மேல் கை போகும், இப்போது வளையத்தைத் தொடவே பாடுபட்டான். நூறு முறை செய்துவிட்டு முழங்காலில் பனிக்கட்டிப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மறுநாள் இன்னும் நூறு.

ஒரு வாரம் சகாரி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தான். எட்டாம் நாள் வேலைக்குப் போடும் பூட்ஸைக் கழற்றிவிட்டு, வேறு காலணியை மாட்டிக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் நின்றான். வயது நாற்பது, கொஞ்சம் தொப்பை.

"இடது பக்கமா வரும்" என்றான். "என் விரல் பட்ட கோணம் அப்படி."

"அதையும் ஏன் சொல்ற?"

"மறைச்சுவச்சு ஜெயிச்சா வீட்டுல மெர்யா பேசமாட்டா."

பேட்மின்டன் வலைக்கு அந்தப் பக்கமிருந்து மெர்யா, "பேசுவேன், ஆனா உனக்குப் பிடிக்காது" என்றாள்.

அப்படியாக மார்ச் போனது, ஏப்ரல் போனது, ஏரியில் பனி உடைந்து தண்ணீர் கறுப்பாகத் தெரிந்தது, தினமும் காலையில் இரண்டு பேரும் தவறும் பந்துகளை எறிந்து எறிந்து ஒருவரையொருவர் தோளால் தள்ளிக்கொண்டு தாவினார்கள், பத்தில் ஆறு சகாரிக்குக் கிடைத்தது, பிறகு ஐந்து, பிறகு நான்கு. அரங்குக்கு நாங்கள் மறுபடியும் வர ஆரம்பித்தோம். ஒருநாள் ரொட்டிக் கடைக்காரி பழையபடி கேட்டாள். யார்க்கோ நின்று யோசித்தான்.

"தானா விழாது" என்றான். "நான் போடுவேன்."

மே பத்தொன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே முக்கால். கூட்டம் எதுவும் இல்லை. நாங்கள் வேலைக்குப் போயிருந்தோம். மறுபாதியில் மெர்யாவும் பதினொரு சிறுமிகளும். ஹெல்வி துடைப்பத்தோடு பந்துக்குக் கீழே தரையைத் துடைத்துவிட்டு ஓரமாக நகர்ந்திருந்தாள். பயிற்சி முடிந்து யார்க்கோவும் சகாரியும் மர பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த பெஞ்ச் கோட்டுக்குள்தான் கிடந்தது.

முதலில் பந்து புரள்வதை நிறுத்தியது. ஹெல்விதான் பார்த்தாள். "பாருங்க" என்றாள், சத்தமாகக்கூட இல்லை.

இருவரும் எழுந்தார்கள். தண்ணீர்ப் பாட்டில்கள் உருண்டன. மூச்சு இழுத்து விடும் நேரம்தான் இருந்தது. பிறகு பந்து, பதினான்கு வருடத்துக்கு முந்தைய அந்த மாலையின் வேகத்தோடு, விட்ட இடத்திலிருந்து வந்தது. வளையத்தின் முன்விளிம்பில் இடித்தது, சகாரி சொன்னபடியே. சகாரி இடது பக்கம் தாவினான். பந்து வளையத்துக்குப் பின்னால் இருந்த பலகையில் பட்டு வலது பக்கம் வந்தது.

யார்க்கோ எந்தப் பக்கமும் போகவில்லை. மூன்று மாதமாக இடது என்று கேட்டுக்கொண்டிருந்தும், அவன் பாதங்களை அகட்டி நடுவில் நின்றிருந்தான். வலது பக்கம் ஓர் எட்டு வைத்து, இரண்டு தழும்பும் இருக்கிற காலை ஊன்றி எழும்பினான். அது பெரிய தாவல் இல்லை என்று ஹெல்வி சொன்னாள், ஒரு புத்தகம் கனத்துக்கு மேல் தரைக்கும் பாதத்துக்கும் இடைவெளி இருந்திருக்காது என்றாள். விரல் நுனி பந்தில் பட்டது. அது வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே இறங்கியது. அதே வேளையில், பதினான்கு வருடத் தூசியை உதறிக்கொண்டு ஆட்டம் முடிந்ததற்கான ஒலிப்பான் அலறியது.

இருவரும் தரையில் கிடந்தார்கள். புள்ளிப் பலகையில் அறுபத்தொன்பது எழுபத்தொன்றானது. சிறுமிகளில் ஒருத்தி மெதுவாகப் பக்கத்தில் வந்து, "எங்க இறகுப்பந்து உங்க காலுக்கடியில இருக்கு" என்றாள். சகாரி எடுத்துக் கொடுத்தான்.

மறுநாள் அந்தப் பழைய நடுவர் ரயிலில் வந்து சேர்ந்தார். ஓய்வு பெற்று ஏழு வருடமாகிறது, அதே ஊதலைக் கொண்டுவந்திருந்தார். ரந்தசாரி குழுவின் தலைவர் நான்கு பேரோடு வந்திருந்தார். கேள்வி ஒன்றுதான். பந்து யார்க்கோவின் விரலை விட்ட பிறகு ஒலிப்பான் ஒலித்ததா, அதற்கு முன்பா. முன்பே ஒலித்திருந்தால் புள்ளி செல்லாது. ஹெல்வி பந்தைத்தான் பார்த்திருந்தாள். மெர்யா சிறுமிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யார்க்கோவைக் கேட்பதில் அர்த்தமில்லை. விரல் நுனியைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் ஒருவன்தான்.

ரந்தசாரித் தலைவர் சகாரியை ஓரமாக அழைத்துப் போய்ச் சொன்னது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. "யோசிச்சுச் சொல்லு, சகாரி. அவ்வளவு வேகத்துல யாருக்கும் நிச்சயமாத் தெரியாது. தெரியலன்னு சொன்னாக்கூடப் போதும்."

சகாரி திரும்பி நடுவரிடம் வந்தான்.

"விரலை விட்டப்புறம்தான் ஒலிச்சுது" என்றான். "வளையத்துல சுத்திட்டு இருக்கும்போது."

"நிச்சயமா?"

"பதினாலு வருஷமா அந்த வளையத்தைத்தான் பார்த்துட்டிருக்கேன்."

நடுவர் கையெழுத்திட்டார். தலைவர் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனார். யார்க்கோ சகாரியிடம் போய், "சாப்பிட்டியா?" என்றான். "இல்ல" என்றான் சகாரி. இருவரும் மெர்யாவும் சிற்றுண்டிக் கூடத்துக்குப் போனார்கள், ஹெல்வி காபி ஊற்றினாள், சகாரி அதை முழுக்கக் குடித்தான்.

ஜூன் முதல் தேதி அரங்கை இடித்தார்கள். ஹெல்வி அதைப் பார்க்கப் போகவில்லை, தங்கை வீட்டுக்குத் தோட்டவேலைக்குப் போய்விட்டாள். ரந்தசாரி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது, அடுத்த வாரமே சகாரியைப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டது. அவனைத் திட்டியவர்களும் அவனுக்குத்தான் கை தூக்கினார்கள். இரண்டு வருடத்தில் மேலே வருவோம் என்று செய்தித்தாளில் சொன்னான், யார்க்கோ ஓர் ஆளிடம் பத்துப் பந்து கொடுத்தனுப்பினான். யார்க்கோவுக்கு இன்னொரு வருடம் எழுதிக்கொடுக்க எங்கள் குழு தயங்கியது, முழங்காலைக் காட்டிப் பேசியது. அவன் காற்சட்டையை மேலே இழுத்து இரண்டு தழும்பையும் அவர்களுக்கு நன்றாகக் காட்டிவிட்டு, "ஆடுவேன்" என்றான். எழுதிக்கொடுத்தார்கள்.

அக்டோபரில் புதிய அரங்கில் முதல் ஆட்டம். நாங்கள் ஆயிரத்து இருநூறு பேர். மூன்றாம் நிமிடத்தில் பந்து யார்க்கோவின் கைக்கு வந்தது, வலது மூலையிலிருந்து எறிந்தான், அது மேலே போனது, நாங்கள் எல்லோரும் பழக்கத்தில் கழுத்தை உயர்த்தி அப்படியே வைத்துக்கொண்டிருந்தோம். பந்து வளையத்தின் பின்விளிம்பில் இடித்து, எல்லாப் பந்தும் இறங்கும் நேரத்தில் இறங்கி, எதிரணிக்காரன் கையில் விழுந்தது. நாங்கள் கழுத்தை இறக்கிப் பார்த்தபோது யார்க்கோ ஏற்கெனவே மறுபாதியில் இருந்தான், முழங்கால்களை மடக்கி, கைகளை விரித்து, அடுத்து வருபவனைத் தடுக்க நின்றுகொண்டிருந்தான்.